மூன்றாவது கம்பத்தில் நின்ற சித்தப்பா

ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். போனைக் கையில் வைத்துப் படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, சைக்கிள் கரியரில் தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, படம் முடியுமட்டும் கறண்ட் நிற்கக் கூடாது என்று நேர்த்தி வைத்துப் பார்த்த ஆட்கள் நாங்கள். அப்படிப் பார்த்த படங்களின் பெயரெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதன் பெயர் அப்போதும் தெரியாது, ஏனென்றால் கசட்டில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரர் எல்லே விளையாடுகிற படம் என்றுதான் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில், அதற்குப் பெயர்.

அது எல்லே இல்லை, பேஸ்போல். அப்போது எங்களுக்கு அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? எல்லே தெரியாதவர்கள் யாராவது இதை வாசித்தால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட கோட்டுக்கே திரும்பி வர வேண்டும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் பயமில்லை. ஒரு கம்பத்துக்கும் மற்றக் கம்பத்துக்கும் இடையில் ஓடும்போது எதிர்ப்பக்கத்தார் பந்தால் எறிவார்கள். பட்டால் அவுட். எங்கள் விளையாட்டு வெளியில் மூன்று கம்பம்தான், நாலாவதுக்கு இடம் போதாது.

அந்த வெளி துறைமுகக் களஞ்சியங்களுக்குப் பின்னால் இருந்தது. கப்பல் ஊதினால் அங்கே நிற்கிறவனுக்கு நெஞ்சு அதிரும். திருகோணமலை நகரத்துக்குள் மான்கள் திரிவது உங்களுக்குத் தெரியும்தானே? பின்னேரம் ஆனால் ஏழெட்டு மான்கள் வந்து நட்டநடு வெளியில் மேயும். அவற்றைக் கலைத்துவிட்டுத்தான் விளையாட்டுத் தொடங்கும்.

எங்கள் அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். ஒழுங்கையில் எந்த ஆட்டம் நடந்தாலும் நடுவர் அவர்தான். விசில் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பது ஒரு காரணம். எல்லே சட்டங்களைத் தன் முத்து முத்தான எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தது மற்றக் காரணம். நியாயம் என்றால் அப்பாவுக்கு நியாயம்தான். நான் கடைசித் துண்டு மீனை எடுத்தால் அதைக்கூட இரண்டாய்ப் பிய்த்துப் பார்த்து, சரிபாதியா என்று யோசிக்கிற மனுசன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒழுங்கையிலேயே வேகமாக ஓடக் கூடியவர் அவர். கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற நாட்களில் வேலை, மற்ற நாட்களில் என்னைச் சைக்கிள் பாரில் வைத்து உட்துறைமுகக் கடற்கரையெல்லாம் சுற்றுவார். எனக்கு அப்பாவிடம் பயமும் சித்தப்பாவிடம் செல்லமும். எனக்கு அப்போது பதினொரு வயது.

அந்த வருசம் சித்திரை வருசப்பிறப்புக்கு வைக்க இருந்த போட்டி, ஊரடங்குச் சட்டத்தால் தள்ளித் தள்ளி வைகாசிக்குப் போய்விட்டது. அதற்குள் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து சூடாக வீசி, வாய்க்குள்ளும் சோற்றுக்குள்ளும் மண்ணைக் கொண்டுவந்து போடுகிற காற்று. பக்கத்து ஒழுங்கைக்காரரோடு இறுதி ஆட்டம். கடைசியாக ஓடியவர் சித்தப்பா. அவர் கோட்டுக்கு வந்து சேர்ந்தால் நாங்கள் வெற்றி.

மூன்றாவது கம்பத்தடியில் நான் குந்தியிருந்தேன். சித்தப்பா கம்பத்தைத் தொட்டுவிட்டு நிற்காமல் ஓடினார். சேட்டுத் தெறிகளைப் பூட்டாமல் திறந்து விட்டிருந்தார், காற்றில் அது பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பந்து வந்தது. அவருக்குப் பக்கத்தால் போனது. விசில் ஊதியது.

"அவுட்," என்றார் அப்பா.

"படேல்ல அண்ணை."

"சேட்டில பட்டது. உடம்பிலயோ உடுப்பிலயோ பட்டா அவுட்."

"காத்துக்கு ஆடின சேட்டு. பந்து படேல்ல. பிள்ளை கிட்டத்தான் இருந்தவள், அவளைக் கேளுங்கோ."

இரண்டு ஒழுங்கைச் சனமும் என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார். "கண்டனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

நான் கண்டேன். பந்து படவில்லை. சேட்டு நுனிக்கும் பந்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அத்தனை சனத்துக்கு முன்னால் அப்பாவைப் பிழை என்று சொன்னதாக ஆகும். பட்டது என்றால் சித்தப்பாவுக்குப் பொய் சொன்னதாக ஆகும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் காணேல்ல. மானைப் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றேன்.

சித்தப்பா தடியைத் தூக்கி எறிந்தார். "ஒருநாளைக்கெண்டாலும் எனக்கு அண்ணையா இருக்கேலாதோ உங்களுக்கு?" என்று கேட்டார். அப்பா, "கோட்டுக்குள்ள எனக்கு அண்ணன் தம்பி இல்லை," என்றார். அன்று பின்னேரமே சித்தப்பா உடுப்புப் பையோடு கிண்ணியாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு நெல் ஆலை முதலாளி அவருக்குப் பழக்கம்.

ஒரு விளையாட்டுக்காகவா என்று இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். வீட்டில் நடந்தது சிரிப்பாக இருக்கவில்லை. அம்மா ஒரு கிழமைக்கு ஒரு சுண்டு அரிசி கூடவே போட்டு, மிஞ்சினதைப் பழஞ்சோறாக்கினா. சித்தப்பாவின் சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. அப்பா முகம் வழிக்கும்போது அதை ஒரு விரலால் தள்ளி வைப்பார், எடுத்து உள்ளே வைக்க மாட்டார். யாராவது சித்தப்பாவின் பேச்சை எடுத்தால் பேப்பரை விரித்துக்கொள்வார். ஆடி மாதம் செய்தி வந்தது. சித்தப்பாவுக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது, ஆவணி முடிய முதல் கொழும்பால் பறக்கிறார். "சொல்லாமலே போகப் போறானாம்," என்று அம்மா குசினிக்குள் அழுதா. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் வெளிநாடு போன ஆட்கள் பிறகு படத்தில் மட்டும்தான் வருவார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திராது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நேரத்தில்தான் மாமா அந்தக் கசட்டைக் கொண்டுவந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. நாலு வருசம் கப்பலில் வேலை செய்தவர். கப்பலில் என்ன வேலை? குசினியில் வெங்காயம் உரித்த வேலை. ஆனால் ஒழுங்கைக்கு அதெல்லாம் கணக்கில்லை. வெள்ளைக்காரரோடு கப்பலில் இருந்தவருக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு என்பதுதான் எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. ஆகவே இங்கிலீசுப் படம் போட்டால் மாமா தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்கோடு நின்று, ஆளை ஆளைக் காட்டிக் கதை சொல்வார். அப்படிச் சொல்லாமல் இங்கிலீசுப் படம் பார்க்கிற வழக்கம் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எங்கள் வீட்டு விறாந்தையில் படம். கதிரைகளில் பெரிய ஆட்கள், நிலத்தில் நாங்கள், யன்னலுக்கு வெளியில் மிச்சச் சனம். படம் தொடங்கினது பனிப்புகாரில். கைவிட்ட ஒரு மைதானம். அதன் காவல்காரக் கிழவன் கதவைத் திறக்கிறான். புகாருக்குள்ளிருந்து ஒவ்வொருவராக, முழங்கால் வரை காலுறை போட்ட ஆட்கள் வருகிறார்கள்.

"இவங்கள் எல்லாரும் செத்த ஆக்கள்," என்றார் மாமா. "அம்பது வருசத்துக்கு முதல் மழையால ஆட்டம் பாதியில நிண்டுபோச்சுது. இப்ப முடிக்க வந்திருக்கிறாங்கள்."

"கையில என்ன, அடுப்புத் துணியோ?" என்று அம்மா கேட்டா.

"அது பந்து பிடிக்கிற உறை."

"கம்பம் எங்க?" என்று யன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

"அங்க கம்பம் இல்லை. தலாணியை நிலத்தில போட்டு அதில போய் நிக்கிறாங்கள்."

உலக்கையால் அடிக்கிறார்கள், தலையணையில் நிற்கிறார்கள், அடுப்புத் துணியால் பிடிக்கிறார்கள். ஆனாலும் பத்து நிமிசத்தில் எல்லோருக்கும் ஆட்டம் விளங்கிவிட்டது. சுற்றி ஓடி வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதானே. சிரிப்பு நின்றுவிட்டது. செத்த மனுசன் ஒருவன் அடித்துவிட்டு ஓடும்போது எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி, "ஓடு ராசா, ஓடு," என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டா. அந்தப் படத்தின் மாயம் அதுதான். ஒரு சொல் விளங்காத ஆட்களையும் அது பிடித்து இருத்தி வைத்தது.

கடைசி ஆட்டக்காரன் மூன்றாவது தலையணையில் நிற்கிறான். ஆட்டம் ஏனோ நிற்கிறது. நீண்ட நேரத்துக்கு ஒருவரும் ஓடவில்லை. ஒரு சின்னப் பெண்பிள்ளை வேலிக்கரையில் வந்து, அங்கே நின்ற தன் தகப்பனைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். மாமா ஈர்க்கால் அவளைத் தொட்டார்.

"இந்தப் பிள்ளைதான் எல்லாத்துக்கும் காரணம். அண்டைக்குப் பந்து பட்டதோ படேல்லையோ எண்டு கண்டது இவள் ஒருத்திதான். கண்டும் வாய் திறக்கேல்ல. அதாலதான் ஆட்டம் முடியாமல் இத்தனை வருசமா இவங்கள் அலையிறாங்கள்."

மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கடவுளே இங்கிலீசில் வந்து சொல்லுகிறார் என்றும் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது. திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

நான் எழும்பினேன். "அப்பா, அண்டைக்குப் படேல்ல. நான் கண்டனான்," என்றேன்.

படம் தன் பாட்டுக்கு ஓடியது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். அப்பா மெதுவாகக் கேட்டார்.

"எங்க இருந்தனீ?"

"மூண்டாங் கம்பத்தடியில."

"வடிவாக் கண்டனியோ?"

"ஓம் அப்பா. மானைப் பாக்கேல்ல. பந்தைத்தான் பாத்தனான்."

"இவ்வளவு நாளும் வாயில கொழுக்கட்டையோடி வைச்சிருந்தனீ?" என்று அம்மா கையை ஓங்கினா. அப்பா, "விடப்பா பிள்ளையை," என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் விடியக் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு வெளிக்குப் போனார். மூன்றாவது கம்பத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். ஆட்டை அவிழ்த்து இரண்டாவதில் கட்டிவிட்டு, அப்பா கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். என் உயரத்து மூங்கில், சுண்ணாம்பு பூசி, நுனியில் சிவப்புத் துணி கட்டியது. அதைத் தோளில் வைத்தார். களஞ்சியத்துக்கு லீவு சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அப்பா லீவு எடுத்து நான் அதுவரை கண்டதில்லை.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்து, "இது என்ன?" என்றான். அப்பா, "எல்லே," என்றார். அவன் முகம் மாறிவிட்டது. கம்பத்தை வாங்கி, தடி போலப் பிடித்து ஒரு வீசு வீசிப் பார்த்தான். "எங்க கிராமம் எல்லே. நான் நல்லா அடி," என்று உடைந்த தமிழில் சொல்லிச் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தான். அந்தக் காலத்தில் ஒரு சாவடியில் சிரித்துக்கொண்டு நின்றது எனக்கு அந்த ஒருநாள்தான் ஞாபகம்.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆளும் ஆடும் லொறியும் எல்லாம் ஒரு தட்டையான தெப்பத்தில் ஏறித்தான் கடக்க வேண்டும், அதைப் பாதை என்போம். பாதையில் நின்ற அத்தனை பேரும் கம்பத்தைப் பார்த்தார்கள். வேட்டி கட்டிய ஒரு கிளாக்கர், சிவப்புத் துணி கட்டிய மூங்கிலோடு. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆலை முற்றம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தது. சித்தப்பா கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்றார்.

"என்ன அண்ணை, கம்பத்தோட?"

"ஆட்டம் முடியேல்ல," என்றார் அப்பா. "நீ மூண்டாங் கம்பத்தில நிக்கிறாய். வா, வந்து நில்."

"அவுட் எண்டனீங்கள்."

"பிள்ளை கண்டவளாம். படேல்ல எண்டுறாள்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நீண்ட பார்வை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபமாக்கும் என நினைத்து நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்பத்தைப் பிடித்தார்.

நெல்லுக்கு அங்கால் வெறும் நிலத்தில் அப்பா கம்பத்தை ஊன்றினார். அடி அளந்து நெல்லோரம் வரை வந்து காலால் கோடு கீறினார். பந்தை மடியிலிருந்து எடுத்தார். எறிய ஆள் வேண்டுமே? ஆலை முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் எறியிறன் கிளாக்கர். ஆனா நான் நல்லா எறிவன். பொறகு தம்பி என்னோட கோவிக்கப்படாது."

"சட்டப்படி எறியுங்கோ," என்றார் அப்பா.

விசில் ஊதியது. சித்தப்பா பறந்தார். மூட்டை சுமந்த ஆட்களெல்லாம் மூட்டையை இறக்கிவிட்டுக் கத்தினார்கள். கோட்டுக்கு இரண்டு பாகத் தூரம் இருக்கும்போது முதலாளி எறிந்த பந்து சித்தப்பாவின் நடு முதுகில் பொத்தென்று விழுந்தது. அது பட்டதென்று சொல்லக் கண் வேண்டியதில்லை, காதே போதும்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மனுசன் இப்போதும் சொல்லுவாரோ?

அப்பா கையைத் தூக்கினார். "அவுட்," என்றார், அதே குரலில்.

சித்தப்பா அப்படியே நெல்லுக்குள் குந்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடியாமல் தம்பிக்குப் பக்கத்தில் நெல்லில் போய் இருந்து, அவருடைய தலைமயிரில் ஒட்டிய நெல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலாளி வீட்டில் எங்களுக்குச் சோறும் மீன் ஆணமும். பின்னேரம் மூன்று பேரும் பாதையில் திரும்பினோம், கம்பத்தைச் சித்தப்பா தோளில் வைத்திருந்தார். நடுக்கடலில் காற்று வீச, அப்பா அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து, "இனிமேல் இதை உள்ளுக்கு விட்டுக்கொண்டு ஓடு," என்றார். வழக்கமான அப்பா, வழக்கமான புறுபுறுப்பு என்று நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அப்பாவே கொழும்புக்குக் கூட்டிப் போய்ச் சித்தப்பாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளிக்கூட விடுமுறைக்கும் ஒழுங்கைப் பிள்ளைகள் அந்தப் படத்தையே கேட்டார்கள். மாமா ஓர் இடத்தில் கதையை மாற்றிச் சொன்னால் விட மாட்டோம். பூஞ்சணம் பிடித்துப் புகார் இரண்டு மடங்கு ஆனபோதும் பார்த்தோம். சுனாமியில் கடல் வீட்டுக்குள் வந்த அன்று அலுமாரியோடு அந்தக் கசட்டும் போனது.

இந்த வருசம் அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சித்தப்பா கட்டாரில் உழைத்து வந்து இதே ஒழுங்கையில்தான் வீடு கட்டியிருக்கிறார். இப்போது கிண்ணியாவுக்குப் பாலத்தால் போய்ச் சோறு தின்றுவிட்டு வருகிறார், அந்த முதலாளியின் மகன் வீட்டில். என் மகள் நான் சொன்ன அடையாளங்களை வைத்து அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். உலகமெல்லாம் இன்னும் பார்க்கிறார்களாம். பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் பார்த்து அழுகிறார்களாம். "அதில என்ன புதினம்?" என்றார் மாமா. "நாங்கள் அழேல்லையோ?"

மகள் பெரிய தொலைக்காட்சியில் போட்டாள், கீழே எழுத்தோடு. புகார் வந்தது, காலுறை ஆட்கள் வந்தார்கள். வேலிக்கரைப் பிள்ளை வந்தாள். மகள் எழுத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, குளிருது. வீட்ட போவமா?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் அந்தப் பிள்ளை சொல்லவில்லை. படம் முழுவதிலும் சொல்லவில்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். "இது வேற கொப்பி போல கிடக்கு," என்றார் மாமா.

"மாமா, நான் கண்டனான் எண்டு உங்களுக்கு அண்டைக்குத் தெரியுமோ?"

"எனக்கெங்க தெரியும்? அந்த இடத்தில ஆரும் ஓடேல்ல, அடிக்கேல்ல. சனம் எழும்பப் பாக்குது. ஒரு சின்னப்பிள்ளை வந்து நிண்டுது. ஏதாவது சொல்லத்தானே வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, "அது பட்டது பிள்ளை," என்றார்.

"எது?"

"பந்து. சேட்டு நுனியில. துணி இழுபட்டது எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும். பாதையில வரேக்க சேட்டைப் பிடிச்சு என்ன சொன்னவர்? நீயும் பக்கத்திலதானே நிண்டனீ."

நான் பொய் சொல்லவில்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்த இடத்திலிருந்து வெளிச்சம் தெரிந்தது. இன்றைக்குக் கேட்டாலும் படவில்லை என்றுதான் சொல்வேன்.

"தெரிஞ்சுகொண்டே அப்பா ஏன் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்?" என்று கேட்டேன்.

"வாறதுக்கு ஒரு சாட்டு வேணுமெல்லோ," என்றார் சித்தப்பா. "மூண்டு மாசமா மனுசன் தேடிக்கொண்டு இருந்திருக்குது. நீதானே குடுத்தனீ."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே நானும் துடைத்தேன். பிறகு மகளிடம் கீழே ஓடுகிற எழுத்தை எடுத்துவிட்டுச் சத்தத்தையும் நிற்பாட்டச் சொன்னேன். படத்தை முதலிலிருந்து போட்டாள். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை இழுத்து எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.